நோட்டு நம்முடையது, டிக்கெட் டீமுடையது

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஆர்க் மோட் வைத்துக் குறிப்பெடுப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "குறிப்பு சரி, ஆபீஸ் டிராக்கரை என்ன செய்வது?" அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. ஆர்க் மோட் என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் நட்சத்திரக் குறி போட்டு, தலைப்பு, உள்தலைப்பு என்று மடக்கி விரித்து எழுதும் முறை. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தன் சொந்த வேலைகளை ஒழுங்குபடுத்தச் செய்துகொண்டது. இன்று ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. டிராக்கர் என்று நான் சொல்வது ஜிரா, கிட்ஹப் இஷ்யூஸ், ரெட்மைன், பக்ஸில்லா போல டீம் மொத்தமும் வேலையைப் பதிந்துவைக்கும் இடத்தை. அதில் பதியும் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட்; கிட்ஹபில் அதற்குப் பெயர் இஷ்யூ.

கேள்வி: பில்லிங் மென்பொருள் டீமில் டெவலப்பராக இருக்கிறேன். என் வேலை, யோசனை, சந்தேகம் எல்லாம் ஆர்க் ஃபைலில். டீமுக்கு ஜிரா. தினமும் ஸ்டாண்ட்-அப்புக்கு (டீமின் தினசரிக் குறுங்கூட்டம்) முன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இரண்டிலும் திருத்துவதற்குள் காபி ஆறிப்போகிறது. ஆர்க்கில் 'முடிந்தது' என்று மாற்றினால் ஜிராவிலும் மாற வேண்டும். ஜிராவில் யாராவது கெடுவை மாற்றினால் என் ஃபைலிலும் மாற வேண்டும். இருபக்கமும் ஓடும் சிங்க் எப்படிச் செய்வது? ஆர்க்கை ஜிராவோடு இணைக்கும் ஆர்க்-ஜிரா பேக்கேஜ் போதுமா? (பெருங்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருபக்கம் வேண்டாம், ஒருபக்கம் போதும். டிராக்கரிலிருந்து நோட்டுக்குத் தானாக வரட்டும். நோட்டிலிருந்து டிராக்கருக்குப் போக வேண்டியதை நீங்களே பார்த்து, ஒவ்வொன்றாக அனுப்புங்கள். கேட்டதைக் கொடுக்காமல் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். காரணத்தைக் கேளுங்கள்.

இருபக்க சிங்க் எழுத உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஸ்டேட்டஸ். ஆர்க்கில் ஒரு தலைப்பை 'முடிந்தது' என்று மாற்ற ஒரு விசைத் தட்டல் போதும், யாரையும் கேட்க வேண்டாம். ஜிராவில் ஸ்டேட்டஸ் என்பது நாம் போய் எழுதிவிட்டு வரும் கட்டம் இல்லை. ஏபிஐ (ஒரு மென்பொருளோடு இன்னொரு மென்பொருள் பேசும் வாசல்) வழியாகப் போனாலும், "இந்த டிக்கெட் இப்போதிருக்கும் நிலையிலிருந்து எங்கெல்லாம் போகலாம்?" என்று முதலில் கேட்க வேண்டும். அது ஒரு டிரான்சிஷன் பட்டியல் தரும். அதில் ஒன்றின் எண்ணைத் திருப்பி அனுப்பினால்தான் டிக்கெட் நகரும். 'இன் ப்ராக்ரஸ்' நிலையிலிருந்து நேராக 'டன்' போக உங்கள் டீமின் வொர்க்ஃப்ளோவில் வழி இல்லை, நடுவில் ரிவ்யூவும் க்யூஏவும் (தரச் சோதனை) இருக்கிறது என்றால், உங்கள் ஒரு தட்டலுக்கு அங்கே மூன்று நகர்த்தல். க்யூஏவைத் தாண்டி நகர்த்தும் உரிமை உங்கள் பெயரில் இல்லையென்றால் பாதி வழியில் நிற்கும். 'ரெசல்யூஷன்' நிரப்பாமல் மூட முடியாது என்று அட்மின் வைத்திருந்தால் அதற்கும் நிற்கும். இத்தனைக்கும் ஸ்கிரிப்ட்டில் (சிங்க் செய்யும் சின்ன புரோகிராம்) ஒவ்வொரு விதி எழுதி முடிப்பதற்குள் அட்மின் வொர்க்ஃப்ளோவை மாற்றியிருப்பார்.

விதி எழுதினாலும் அடிப்படைச் சிக்கல் போகாது. புரோகிராம் கோடு எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பியதும் உங்கள் தட்டு காலி, உங்கள் நோட்டில் அது முடிந்தது. டீமுக்கு அது டெஸ்ட் ஆகி ரிலீஸில் போகும்வரை முடியவில்லை. இரண்டும் சரிதான். ஒன்றை இன்னொன்றின் மேல் எழுதினால் ஏதோ ஒரு பக்கம் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

அடுத்தது, யார் மாற்றியது என்ற கேள்வி. ஃபைலில் கெடு வெள்ளி, ஜிராவில் திங்கள். நீங்கள் வெள்ளிக்கு முன்னே இழுத்தீர்களா, அவர்கள் திங்களுக்குத் தள்ளினார்களா? இரண்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அண்ணாச்சி கடை நோட்டும் நம் வீட்டு நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கடைசியாக இருவரும் ஒப்புக்கொண்ட பாக்கி எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த நோட்டில் புது வரி ஏறியது என்று பிடிக்கலாம். சிங்க்குக்கும் அப்படி மூன்றாவது பிரதி ஒன்று வேண்டும், போன தடவை இரண்டும் ஒன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதன் நகல். அது இல்லாத ஸ்கிரிப்ட், "கடைசியில் எழுதியவன் ஜெயித்தான்" என்று போய்விடும். நீக்கல் இதைவிட மோசம். ஜிராவில் இருக்கிறது, ஃபைலில் இல்லை. நீங்கள் அழித்ததா, அங்கே புதிதாக வந்ததா? மூன்றாவது பிரதி இல்லாவிட்டால், அழித்த தலைப்பு மறுநாள் காலை உயிர்த்தெழுந்து நிற்கும்.

எதிரொலியும் உண்டு. ஸ்கிரிப்ட் ஜிராவில் எழுதுகிறது. டிக்கெட்டின் 'அப்டேட்டட்' நேரம் மாறுகிறது. அடுத்த சுற்றில் அதே ஸ்கிரிப்ட் "ஆகா, அங்கே ஏதோ மாறியிருக்கிறது" என்று இழுத்து ஃபைலில் எழுதுகிறது. ஃபைல் மாறியதால் மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த டிக்கெட்டை வாட்ச் செய்யும் அத்தனை பேருக்கும் மெயில் போகும். மேனேஜர் இருக்கைக்கே வந்து நலம் விசாரிப்பார்.

இன்னொரு சின்ன விஷயம், அனுபவிப்பவர்களுக்குத்தான் வலி தெரியும். ஜிராவின் பழைய விக்கி வடிவத்தில் வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் போட்டால் அது புல்லட். ஆர்க்கில் அதே நட்சத்திரம் தலைப்பு. யாரோ டிஸ்கிரிப்ஷனில் ஐந்து புல்லட் போட்டிருக்கிறார். அதை அப்படியே இழுத்து ஃபைலில் கொட்டினால் ஐந்தும் மேல்மட்டத் தலைப்புகளாகி, உங்கள் மரமே பிளந்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிவைத்தது எல்லாம் ஐந்தாவது புல்லட்டுக்குப் பிள்ளையாகிவிடும். ஜிரா கிளவுடின் புதிய ஏபிஐயில் டிஸ்கிரிப்ஷன் எழுத்தாகவே வராது, ஜேசன் மரமாக (கிளை கிளையாக அடுக்கிய தரவு) வரும்; அதை ஆர்க்காக மாற்றி, திருத்தி, மறுபடி அதே மரமாக்கினால் டேபிளும் மென்ஷனும் வழியில் உதிரும். அதனால் டிஸ்கிரிப்ஷனை இழுக்கவே இழுக்காதீர்கள். லிங்க் போதும், ஒரு சொடுக்கில் அங்கே போய்ப் படியுங்கள்.

சரி, எப்படி அமைப்பது? உங்கள் ஃபைலில் ஒரு டிக்கெட் இப்படி இருக்கட்டும்:

* தொடங்கியது: ரசீதில் வரி இரண்டு தடவை விழுகிறது
(டிராக்கர் பெட்டி: பில்-412 / இன் ப்ராக்ரஸ் / கெடு திங்கள் / லிங்க்)
 ரவுண்டிங் மூன்று இடத்தில் நடக்கிறது, நடுவில் இருப்பது எதற்கு?
 பில்-380 மூடினார்களே, அதே பக் தானோ
 டெஸ்ட் டேட்டா, டேட்டாபேஸ் பார்க்கும் டிபிஏவிடம் கேட்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டால் எரிந்து விழுவார்

இரண்டாவது வரியில் நான் 'டிராக்கர் பெட்டி' என்றது ஆர்க்கின் ப்ராப்பர்ட்டி டிராயர், தலைப்புக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் பகுதி. ஸ்கிரிப்ட் தொடலாம் என்பது அந்தப் பெட்டியை மட்டும். தலைப்பில் இருக்கும் 'தொடங்கியது' உங்களுடையது, பெட்டிக்குள் இருக்கும் 'இன் ப்ராக்ரஸ்' டீமுடையது. இரண்டும் வேறாக இருக்கலாம், இருக்கட்டும். வேறாக இருக்கும் டிக்கெட்டுகளை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொன்னால், நீங்கள் தினமும் காலையில் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருந்த வேலை அந்தச் சில வரிகளில் முடிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் ஜிராவிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். "என் பெயரில் இருக்கும் முடியாத டிக்கெட்டுகள் எவை?" என்பது ஒன்று. ஃபைலில் இல்லாதது வந்தால் இன்பாக்ஸ் தலைப்பின் கீழே சேர்த்துவிடும். இதை மட்டும் வைத்திருந்தால், நேற்று உங்கள் பெயரிலிருந்து வேறொருவருக்கு மாறிய டிக்கெட் இந்தப் பட்டியலிலேயே வராது. வராததால் உங்கள் ஃபைலில் எதுவும் மாறாது. நீங்கள் பாட்டுக்கு இன்னொருவருடைய வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். அதனால் இரண்டாவது கேள்வி: "என் ஃபைலில் இருக்கும் இந்தந்த டிக்கெட்டுகள், யார் பெயரில் இருந்தாலும் சரி, இப்போது எப்படி இருக்கின்றன?" கை மாறியிருந்தால் பெட்டியில் அப்படியே எழுதிவிடட்டும். தலைப்பை ஸ்கிரிப்ட் அழிக்கக் கூடாது. உள்ளே இருப்பது உங்கள் யோசனை, புதிதாக எடுத்துக்கொண்டவருக்கே அது தேவைப்படலாம்.

அப்புறம், பெட்டியில் 'பில்-412' என்பதோடு ஜிராவின் உள் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை வேறு ப்ராஜெக்ட்டுக்கு நகர்த்தினால் 'பில்' போய் வேறு முன்னொட்டும் வேறு எண்ணும் வந்துவிடும். உள் எண் மாறாது.

ஆர்க்-ஜிரா எங்கே வருகிறது? மறுபக்கத்துக்கு. அது ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஃபைல் போட்டு, டிக்கெட்டுகளைத் தலைப்புகளாகக் கொண்டுவரும். கர்சரை டிக்கெட்டின் மேல் வைத்து கமென்ட் போடலாம், ஸ்டேட்டஸ் நகர்த்தலாம், ஆர்க் கடிகாரத்தில் ஓட்டிய நேரத்தை வொர்க்லாகாக (வேலை நேரப் பதிவு) ஏற்றலாம். நீங்கள் கட்டளை கொடுத்தால்தான் போகும், அதுதான் அதன் அழகு. அது எழுதும் ஃபைலில் மட்டும் உங்கள் சொந்தக் குறிப்பை எழுதாதீர்கள், அது வேறு ஃபைலில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மேலே மூன்றாவது குறிப்பைப் பாருங்கள். டிபிஏவின் பசி நேரம் பற்றிய அந்த வரி இருபக்க சிங்க்கில் ஒருநாள் கமென்ட்டாக ஏறும். கமென்ட்டை அழிக்கலாம், அதற்குள் போய்விட்ட மெயிலை அழிக்க முடியாது. இப்படி ஒரு வரி கஸ்டமர் பார்க்கும் டிக்கெட்டில் ஏறி, அன்று முழுக்க ஒரு டீம் மன்னிப்பு மெயில் எழுதியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிட்ஹப் இஷ்யூக்களை ஆர்க்குக்குக் கொண்டுவர பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதினேன். ரெப்போவில் (ப்ராஜெக்ட்டின் கோடு இருக்கும் களஞ்சியம்) நாற்பதுக்கு மேல் இஷ்யூ இருக்கிறது. வருவது 30 மட்டும். அதிலும் சிலது இஷ்யூவே இல்லை. கிட்ஹபில் கோளாறா? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை, இரண்டுமே அதன் வழக்கம். ஒரு பக்கத்துக்கு 30 என்பது இயல்பு அளவு. கேட்டால் 100 வரை தரும். அதற்கு மேல் இருந்தால் பதிலின் ஹெட்டரில் அடுத்த பக்கத்தின் லிங்க் இருக்கும், அதைப் பிடித்துப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கிட்ஹப் ஏபிஐ ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் (என் கோடு மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) ஒரு இஷ்யூவாகவே எண்ணும், அதனால்தான் கலந்து வருகிறது. புல் ரிக்வெஸ்ட் என்ற புலம் இருக்கும் வரிகளைத் தள்ளிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இழுக்காமல், போன தடவைக்குப் பிறகு மாறியவை மட்டும் என்று கேட்க வசதி இருக்கிறது. டோக்கனோடு (கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் காட்டும் சாவி) கேட்டால் மணிக்கு 5,000 அழைப்பு, டோக்கன் இல்லாமல் கேட்டால் 60 தான். சோதனை ஓட்டத்திலேயே அந்த 60 தீர்ந்துவிடும்.

கேள்வி: டோக்கனை எங்கே வைப்பது? இப்போதைக்கு ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டும் நோட்ஸும் ஒரே கிட் ரெப்போவில் (கிட் என்பது ஃபைலின் பழைய மாற்றங்களையெல்லாம் வைத்திருக்கும் கருவி). மொபைலில் படிக்க அந்த ஃபோல்டரை என் சொந்த கிளவுட் கணக்கிலும் போட்டிருக்கிறேன். (பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார். நல்லது)

பதில்: இதைப் படித்ததும் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். வரியை ஃபைலிலிருந்து அழித்தால் போதாது, கிட்டின் வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும்.

புதிய டோக்கனை ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவி போட்டுப் பூட்டிய ஆத்இன்ஃபோ ஃபைலில் (கடவுச்சொல் வைக்கும் ஃபைல்) வையுங்கள். ஈமேக்ஸ் அதைத் தானே திறந்து படிக்கும், வெளி ஸ்கிரிப்ட்டும் படிக்கலாம். கிட்ஹப் என்றால் ஃபைன்-கிரெய்ண்டு டோக்கன் எடுத்து, வேண்டிய ரெப்போவை மட்டும் தேர்ந்து, இஷ்யூவுக்கு 'படிக்க மட்டும்' உரிமை கொடுங்கள். நாம் ஒருபக்கமாகத்தானே இழுக்கிறோம், எழுதும் உரிமை எதற்கு? ஸ்கிரிப்ட்டில் பிழை இருந்தாலும் டீமின் டிக்கெட்டில் கை வைக்க முடியாது.

டோக்கனைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கிளவுட் கணக்கு. டிக்கெட் தலைப்பில் கிளையன்ட் பெயர் இருக்கும், சில சமயம் சர்வர் பெயர் இருக்கும். அதை உங்கள் சொந்தக் கணக்குக்குக் கொண்டுபோகிறீர்கள். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். மொபைலுக்குத் தேவை என்றால் எண்ணும் உங்கள் சொந்த வரிகளும் போகட்டும், தலைப்பு ஆபீஸ் மடிக்கணினியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் கேட்பது எதிர்ப்பக்கத்திலிருந்து. எட்டுப் பேர் டீமுக்கு லீட். ஒருவர் அப்சிடியன், ஒருவர் லாக்சீக் (இரண்டும் குறிப்பெடுக்கும் மென்பொருள்), ஒருவர் டைரியில் பேனாவால் எழுதுகிறார். டிராக்கரை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஸ்பிரிண்ட்டின் (வேலைக்கு வகுத்த குறுகிய காலக்கட்டம்) கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து டிக்கெட் நகர்த்துகிறார்கள். சொந்த நோட்டுக்குத் தடை போட்டால் சரியாகுமா? (சிறுசேரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஆகாது. டைரிக்காரர் டைரியை மேஜை டிராயருக்குள் வைத்து எழுதுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் டிராக்கரில் புது டிக்கெட் படிவத்தைத் திறந்து, கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை எண்ணிப் பாருங்கள். காம்பொனென்ட், எபிக், ஃபிக்ஸ் வெர்ஷன், ஸ்டோரி பாயின்ட், என்விரான்மென்ட்... ஒவ்வொன்றும் எப்போதோ எவரோ ஒரு ரிப்போர்ட்டுக்காகக் கேட்டது. அவர் வேலையை விட்டே போயிருப்பார், கட்டம் போகாது. யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தனையையும் நிரப்பு என்றால் எவரும் பக்கத்து நோட்டுக்குத்தான் போவார்கள். அதில் தப்பும் இல்லை. பாதி வெந்த யோசனை எழுத ஒரு தனி இடம் எல்லோருக்கும் வேண்டும். டிராக்கரில் எழுதுவதை மேனேஜர், கிளையன்ட், அப்ரைசல் கமிட்டி என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நினைப்பிருந்தால், "இது ஏன் ஓடுகிறது என்றே புரியவில்லை" என்று எவர் எழுதுவார்?

டீமுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்ன? யார் கையில் இருக்கிறது, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்து எப்போது பார்க்கலாம். இந்த மூன்றை மட்டும் டிராக்கரில் கேளுங்கள், மற்ற கட்டங்களைக் கட்டாயத்திலிருந்து எடுக்கச் சொல்லி அட்மினிடம் சண்டை போடுங்கள். அது உங்கள் வேலை, டீமுடையது இல்லை.

கை தொடாமலே நகரக்கூடியதை அப்படியே நகரவிடுங்கள். ஜிராவைக் கோடு ரெப்போவோடு இணைத்திருந்தால், பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) பெயரிலும் கமிட் செய்தியிலும் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) டிக்கெட் எண் இருந்தாலே டிக்கெட்டில் அது தெரியும். புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் 'ரிவ்யூ'வுக்குத் தானே போகும்படி விதி எழுதலாம். கிட்ஹபில் புல் ரிக்வெஸ்ட் விவரத்தில் 'ஃபிக்சஸ்' என்று போட்டு இஷ்யூ எண்ணைக் குறிப்பிட்டால், அது மெயின் பிராஞ்சில் சேரும்போது இஷ்யூ தானே மூடிக்கொள்ளும். பேனாக்காரரும் கமிட் செய்தி எழுதித்தானே ஆக வேண்டும்?

ஸ்டாண்ட்-அப்பில் ஆளுக்கு ஆள் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, டிக்கெட்டுகளை நிலைவாரியாக இடமிருந்து வலமாக அடுக்கிக் காட்டும் போர்டைத் திரையில் போட்டு, வலப்பக்கக் கடைசி டிக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக "இது நகர என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். போர்டு தப்பாக இருந்தால் அங்கேயே எவராவது "அது முடிந்துவிட்டதே" என்பார், அந்த நொடியே நகர்த்திவிடலாம். நோட்டைக் காட்டு என்று மட்டும் எவரிடமும் கேட்காதீர்கள்.

கேள்வி: கிட்ஹபில் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு டிக்கெட்டை மூடினேன், தேதி 15. என் ஸ்கிரிப்ட் ஆர்க்கில் 14 என்று எழுதுகிறது. வார ரிப்போர்ட்டில் ஒரு நாள் முன்னால் விழுகிறது. (மதுரை)

பதில்: கிட்ஹப் ஏபிஐ நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) தரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 15-ஆம் தேதி ராத்திரி ஒரு மணி என்பது அங்கே 14-ஆம் தேதி மாலை 7.30. நீங்கள் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதியாக எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான ஸ்கிரிப்ட்டுகளில் இதுதான் நடக்கிறது. முழு நேரத்தையும் எடுத்து, ஆசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு தேதியை வெட்டுங்கள். ராத்திரி 12-லிருந்து காலை 5.30 வரை மூடும் டிக்கெட்டுகளில்தான் இது தெரியும் என்பதால், பகலில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.